புல்வெட்டும் மிஷின் வாங்கலாமா? தீர்மானம் போடும் முன் போட வேண்டிய கணக்கு



ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று ஊர் வளர்ந்துகொண்டே போகிற பக்கமெல்லாம் பார்த்திருப்பீர்கள். கம்பெனி வாசலில் ஒரு புல்தரை, காலேஜ் வாசலில் ஒரு புல்தரை, புது லேஅவுட்டில் வீட்டுக்கு வீடு இரண்டு சென்ட், மூன்று சென்ட் புல்தரை. போடுகிறவர்கள் போட்டுவிடுகிறார்கள். அதை மாதம் தவறாமல் ஒரே மட்டமாக வெட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமே! கத்தரியும் அரிவாளும் வைத்துக் குத்துக்காலிட்டு வெட்டினால் முதுகு போவதுதான் மிச்சம். அதனால்தான், "குழுவா சேர்ந்து ஒரு மிஷின் வாங்கிப் போட்டா என்ன?" என்ற பேச்சு வருகிறது.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மிஷின் ஓடினாலும் தவணை கட்ட வேண்டும், மூலையில் கிடந்தாலும் தவணை கட்ட வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது ஒருவர் இல்லை, பன்னிரண்டு பேர். கடைக்காரர் "இது ஆறு ஹார்ஸ் பவர், அது அஞ்சரை" என்று சொல்வதைக் கேட்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது. மூன்று அளவுகளை நாமே எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். ஒன்று, வெட்டப்போகிற நிலம். இரண்டு, மிஷினைப் பிடிக்கப்போகிற பெண்ணின் உடம்பு. மூன்று, பழுது பார்க்கிற இடம். விலை அதற்குப் பிறகுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை வகை மிஷின் இருக்கிறது?

கை உருளை மிஷின்: இன்ஜின் கிடையாது. தள்ளத் தள்ள உருளையில் உள்ள கத்திகள் சுற்றி, கத்தரி மாதிரி புல்லை நறுக்கும். விலை குறைவு, சத்தம் இல்லை, பெட்ரோல் இல்லை. ஐந்து சென்ட் வரை சமமான தரைக்கு இதுவே போதும். புல் உயரமாகிவிட்டால் மட்டும் வெட்டாமல் மடங்கிப் படுத்துவிடும்.

தள்ளும் மிஷின்: மேலே இன்ஜின் அல்லது மோட்டார் இருக்கும், அடியில் ஒரு நீளமான பிளேடு மின்விசிறி மாதிரி சுற்றும். வெட்டுவதற்கு இன்ஜின், நகர்த்துவதற்கு நம் கை. சுமார் 15 சென்ட் வரை, மேடு பள்ளம் இல்லாத இடத்துக்கு ஏற்றது.

தானே நகரும் மிஷின்: கடையில் "செல்ஃப் ப்ரொப்பெல்டு" என்பார்கள். இதில் இன்ஜின் பிளேடையும் சுற்றும், சக்கரத்தையும் உருட்டும். பின்னால் நடந்து திருப்பிவிடுவதுதான் நம் வேலை.

பிரஷ் கட்டர்: தோளில் வாரைப் போட்டு மாட்டிக்கொண்டு வெட்டுவது. தென்னந்தோப்பு, வரப்பு, முள்செடி, கல் கிடக்கிற பொறம்போக்கு இதற்கெல்லாம் இதுதான் சரி. புல்தரையை ஒரே மட்டமாக வெட்ட இது வராது. அதேபோல் புல்தரை மிஷினைக் கொண்டுபோய் முள்காட்டில் விட்டால் பிளேடும் போகும், இன்ஜினும் போகும்.

நமக்கு வரப்போகும் வேலை தோப்பு வேலையா, புல்தரை வேலையா என்பதை முதலில் தீர்மானியுங்கள். தோப்பு வேலைதான் அதிகம் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியில் பாதுகாப்புப் பகுதியை மட்டும் படித்துவிட்டு பிரஷ் கட்டர் பக்கம் போய்விடலாம்.

தானே நகரும் மிஷின் எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினின் சுழல் தண்டு நேராகக் கீழே இறங்கும். அதன் நுனியில்தான் பிளேடு. அதே தண்டிலிருந்து ஒரு பெல்ட், சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன கியர் பெட்டிக்குப் போகும். கைப்பிடியில் இரண்டு லீவர் இருக்கும். ஒன்றைப் பிடித்திருந்தால்தான் இன்ஜினும் பிளேடும் ஓடும். மற்றொன்றை அழுத்தினால் சக்கரம் உருளும். கையை எடுத்தால் இரண்டும் நிற்க வேண்டும். கையை எடுத்த 3 விநாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-லேயே விதி போட்டார்கள். நாம் வாங்கும் மிஷினும் அப்படி நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். லீவரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

முன் சக்கரம் உருளுகிற மிஷினும் உண்டு, பின் சக்கரம் உருளுகிற மிஷினும் உண்டு. முன் சக்கரம் உருளும் மிஷினைத் திருப்புவது சுலபம். கைப்பிடியை லேசாக அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்படியே திருப்பிவிடலாம். மரமும் பூச்செடிப் பாத்தியும் நிறைய உள்ள சமமான இடத்துக்கு இது நல்லது. ஆனால் பின்னால் மாட்டியுள்ள பையில் புல் நிறைந்துவிட்டால் பாரம் பின்பக்கம் இறங்கும். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகிவிடும் இல்லையா, அதே கதைதான். சக்கரம் சுற்றும், மிஷின் நகராது. மேடும் சரிவும் உள்ள இடம், பை மாட்டி வெட்டுகிற வேலை என்றால் பின் சக்கரம் உருளும் மிஷினாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வேகம் மாற்ற முடிகிறதா என்பதும் முக்கியம். ஒரே வேகத்தில் போகும் மிஷின் விலை குறைவு. ஆனால் அந்த வேகம் நம் நடைக்கு ஒத்துவர வேண்டும். புல் அடர்த்தியான இடத்தில் மெதுவாகப் போனால்தான் சீராக வெட்டும். குழுவில் 25 வயதுப் பெண்ணும் இருப்பார், 50 வயது அக்காவும் இருப்பார். ஒரே மிஷினை மாற்றி மாற்றி ஓட்டப் போகிறோம். ஆகவே வேகம் கூட்டிக் குறைக்கிற வசதி நமக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம்.

முதல் அளவு: நிலம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். புல்தரையையும் அளந்துதான் ஆக வேண்டும். வேலை கிடைக்கும் என்று நினைக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் டேப் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போய் வாருங்கள். எத்தனை சென்ட், சரிவு உண்டா, மரம், கம்பம், நடைபாதை எத்தனை, கேட்டின் அகலம் என்ன, புல் என்ன வகை என்பதை நோட்டில் எழுதுங்கள். கேட் 70 சென்டிமீட்டர்தான் என்றால் பெரிய மிஷின் உள்ளேயே போகாது.

வெட்டும் அகலம் சாதாரணமாக 18 அங்குலம், 21 அங்குலம் என்று வரும். 18 அங்குலம் என்பது 46 சென்டிமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் கணக்குப்படி 1,380 சதுர மீட்டர் வெட்டலாம். ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கொஞ்சம் சேர்த்து வெட்ட வேண்டும், திரும்ப வேண்டும், பையைக் கொட்ட வேண்டும். இதெல்லாம் கழித்து மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். சுமார் 900 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக மணிக்கு 20 சென்ட் என்று தாராளமாகச் சொல்லலாம். 21 அங்குல மிஷினில் இன்னும் நாலைந்து சென்ட் கூடும். அவ்வளவுதான் வித்தியாசம். மூலை முடுக்கு நிறைந்த சின்னச் சின்னப் புல்தரைகள்தான் நம் வேலை என்றால் 18 அங்குலமே கைக்கு அடக்கமாக இருக்கும். விரிந்த மைதானம் என்றால் 21 அங்குலம் எடுக்கலாம்.

இரண்டு சென்ட், மூன்று சென்ட் வீடுகள் மட்டும்தான் கிடைக்கப் போகிறது என்றால் தானே நகரும் மிஷினே தேவையில்லை. பத்தடி போய்த் திரும்ப, பத்தடி போய்த் திரும்ப என்று இருந்தால் லீவரை விட்டுவிட்டுக் கையால்தான் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். எடை கூடிய மிஷினைக் கையால் இழுப்பது இரட்டை வேலை.

புல்லின் வகையையும் பாருங்கள். அருகம்புல், கொரியன் புல் இரண்டையும் தாழ்வாக வெட்டலாம். எருமைப்புல் இலை அகலமானது, அதை ஒட்ட வெட்டினால் கருகிப் போகும், உயரமாக விட்டு வெட்ட வேண்டும். ஆகவே வெட்டும் உயரத்தை ஐந்தாறு படியாக மாற்றுகிற மிஷினாக இருக்கட்டும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக மாற்றுவதைவிட ஒரே லீவரில் மாற்றுவது சௌகரியம். எந்தப் புல்லானாலும் ஒரு விதி உண்டு: ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 4 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ள வேண்டிய புல்லை 6 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வளரவிட்டு மொட்டையடித்தால் புல்தரை மஞ்சளாகிப் போகும், கான்ட்ராக்டும் கையை விட்டுப் போகும்.

இரண்டாவது அளவு: தள்ளப்போகிறவரின் உடம்பு

இதைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. நாம்தான் கேட்டாக வேண்டும். மிஷினை ஓட்டப்போகிற உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது. "எங்க வீட்டுக்காரர் போய்ப் பாத்துட்டு வந்தாரு, நல்லா இருக்காம்" என்பதெல்லாம் இங்கே செல்லாது. அவர் உயரம் வேறு, கைபலம் வேறு.

கைப்பிடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முழங்கை லேசாக மடங்குகிற அளவில் இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்திருந்தால் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கும். உயரத்தை மாற்றுகிற கைப்பிடி உள்ள மிஷினையே கேளுங்கள்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மிஷின் என்றால், ஓட்டப்போகிற ஒவ்வொருவரும் கடையில் ஐந்து தடவையாவது இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று வேலை நின்றுவிடும்.

எடை அடுத்தது. தள்ளும் மிஷின் பெரும்பாலும் 20 கிலோவிலிருந்து 25 கிலோவுக்குள் இருக்கும். தானே நகரும் மிஷின் 30 கிலோவைத் தாண்டும், சிலது 40 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஓடும்போது எடை தெரியாது. ஆனால் குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டுமே! அது தினமும் நாலு தடவை. எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்க வேண்டும். இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு உருட்டி ஏற்றுவது அதைவிட நல்லது.

வெளிப்படையாகவே சொல்கிறோம். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் அல்லது குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து உடம்பு தேறாதவர்கள், அடியிறக்கம் உள்ளவர்கள், டிஸ்க் வலி உள்ளவர்கள் இதைத் தூக்கவும் கூடாது, கயிறு இழுக்கவும் கூடாது. "கூலி போயிடுமே"ன்னு மறைத்து வேலைக்கு வர வேண்டாம். கணக்கு எழுதுவது, அளவெடுப்பது, பணம் வசூலிப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது இதுவும் வேலைதான், இதற்கும் கூலி உண்டு என்று குழுவில் முதலிலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது அளவு: பழுது பார்க்கிற இடம்

மிஷின் எங்கே விற்கிறார்கள் என்பதைவிட எங்கே ரிப்பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் பெரிது. ஊரிலிருந்து ஒரு பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் சர்வீஸ் இடம் இருக்கிறதா? பிளேடு, பெல்ட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட் கயிறு, டிரைவ் கேபிள் இந்த ஆறும் அங்கே கையிருப்பில் இருக்கிறதா? "ஆர்டர் போட்டா வரும்" என்றால் எத்தனை நாளில் வரும்? விலை பத்தாயிரம் குறைவு என்று பெயர் தெரியாத மிஷினை வாங்கி, ஒரு பெல்ட்டுக்காக இரண்டு மாதம் காத்திருந்தால் லாபம் எங்கே?

அன்றாடப் பராமரிப்பு நம் கையிலேயே இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்வதற்குப் படிப்பு வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

* நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலும் பெட்ரோலும் தனித்தனி. ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.
* பெரும்பாலான மிஷின்களில் புதிதாக வாங்கி முதல் 5 மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சுமார் அரை லிட்டர்தான் பிடிக்கும்.
* ஏர் ஃபில்டரை வாரம் ஒரு தடவை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் புழுதிக்கு இது கட்டாயம்.
* பிளேடை 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை சாணை பிடியுங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். மறுநாள் புல் நுனி வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாணை பிடித்த பிளேடை நடு ஓட்டையில் ஆணி விட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் எடை கூடுதல். அப்படியே மாட்டினால் மிஷின் முழுக்க அதிரும்.
* அடியில் ஒட்டிய புல்லைத் தினமும் சுரண்டி எடுங்கள். இரும்புத் தகடு என்றால் ஈரப் புல்லால் சீக்கிரம் துருப்பிடிக்கும். மிஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும்.

ஒரு சின்ன நோட்டு போட்டு, தேதி, ஓடிய மணி, ஊற்றிய பெட்ரோல், செய்த வேலை என்று எழுதுங்கள். நம் குழுவின் சேமிப்புப் புத்தகம் மாதிரி இது மிஷினின் புத்தகம்.

பெட்ரோலா, பேட்டரியா?

வீட்டுக்கு ஒரு மிஷின் என்றால் பேட்டரி நல்லது. சத்தம் குறைவு, புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டாம். ஆனால் ஒரு தடவை சார்ஜ் செய்தால் சாதாரணமாக முக்கால் மணி நேரம் வந்தாலே பெரிது. நாள் முழுக்க வேலை என்றால் இரண்டு மூன்று பேட்டரி வேண்டும், அதன் விலை மிஷின் விலையோடு போட்டி போடும். கூலிக்கு வெட்டும் குழுவுக்கு இன்றைய நிலையில் பெட்ரோல்தான் கைகொடுக்கும். ஒயர் போட்ட கரண்ட் மிஷின் ஒன்றிரண்டு சென்ட்டுக்குச் சரி. ஒயரைப் பிளேடு அடித்துவிடாமல் எப்போதும் தோள்மேல் போட்டுக்கொண்டு, வெட்டிய பக்கத்திலேயே கிடக்கவிட்டு வெட்ட வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பல சின்ன இன்ஜின் கம்பெனிகள் தங்கள் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே "இந்த மிஷினுக்கு இந்த பெட்ரோல் ஒத்துக்குமா? கெட்டுப்போனா வாரண்டி உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் ஓட்டமாட்டோம் என்றால் டேங்கைக் காலி செய்து, மீதியும் தீரும்வரை ஓட்டி நிறுத்திவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசின் மாதிரி கட்டிக்கொண்டு கார்புரேட்டரை அடைத்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

கீழே உள்ள தொகை எல்லாம் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் விலையை, உங்கள் ஊர் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மிஷின் 60,000 ரூபாய். கடன் 20 மாதம். மாதம் 3,000 அசல். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், மீதி அசலுக்கு மட்டும். முதல் மாதம் 600 ரூபாய் வட்டி, மாதாமாதம் குறையும். முதல் தவணை 3,600 ரூபாய்.

மாதத்தில் 12 நாள் வேலை, நாளுக்கு 4 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். மொத்தம் 48 மணி நேரம். மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,800. ஆயில் 300. சாணை 200. வண்டி வாடகை நாளுக்கு 150 வீதம் 1,800. இரண்டு பேருக்கு ஆளுக்கு 500 வீதம் 12 நாள் கூலி 12,000. பழுதுக்கென்று ஒதுக்குவது 500. தவணை 3,600. ஆக மொத்தம் 23,200 ரூபாய். 12 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1,935 ரூபாய். நாளுக்கு 80 சென்ட் வெட்டினால் சென்ட்டுக்கு 25 ரூபாயாவது கேட்டால்தான் கையைக் கடிக்காது.

இப்போது இதையே வேலை குறைந்த மாதத்துக்குப் பார்ப்போம். 5 நாள்தான் வேலை கிடைத்தது. பெட்ரோல், கூலி எல்லாம் நாளுக்கு ஏற்றபடி குறைந்துவிடும். நாளுக்கு சுமார் 1,592 ரூபாய். ஆனால் தவணை 3,600-ம் பழுது நிதி 500-ம் குறையாது. அந்த 4,100 ரூபாயை 5 நாள்தான் சுமக்க வேண்டும், நாளுக்கு 820. ஆக ஒரு நாள் செலவு 2,412. நாம் வாங்குவதோ 2,000. ஒவ்வொரு நாளும் 412 ரூபாய் நஷ்டப்பட்டுக்கொண்டே வேலை செய்கிறோம்! மிஷின் நல்ல மிஷின், வேலையும் நல்ல வேலை, ஆனாலும் நஷ்டம். காரணம், வேலை தேடுமுன் மிஷின் வாங்கியது.

நம் ஊரில் இது வெறும் கணக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் மளமளவென்று வளரும், வாராவாரம் கூப்பிடுவார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் விடாத புல்தரை காய்ந்து கிடக்கும், கூப்பிடவே மாட்டார்கள். தவணைக்குச் சித்திரையும் தெரியாது, ஐப்பசியும் தெரியாது. அதனால் "ஒரு தடவை வெட்ட இவ்வளவு" என்று பேசாமல், "வருடம் முழுக்க மாதம் இவ்வளவு" என்று பேசுங்கள். வெயில் காலத்தில் வெட்டும் வேலை குறைந்தால் களை எடுப்பது, ஓரம் கொத்துவது, உரம் போடுவது என்று சேர்த்துச் செய்து கொடுக்கலாம். பெட்ரோல் யார் செலவு, எந்தத் தேதியில் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எட்டு மாத வேலையாவது எழுத்தில் கைக்கு வராமல் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதுவரை வாடகைக்கு எடுத்து இரண்டு மாதம் செய்து பாருங்கள். வேலை பழகும், வாடிக்கையும் தெரியும்.

கணக்கில் நம் கூலியை எழுதாமல் விட்டுவிட்டு "லாபம் பன்னிரண்டாயிரம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது லாபம் இல்லை, நம் வேர்வை.

மானியம் பற்றியும் கேட்கிறீர்கள். 2014-15-இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்குப் பண்ணைக் கருவிகள் சிலவற்றுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அது வயல் வேலைக்கான கருவிகளுக்கு. புல்தரை மிஷினுக்கும் கிடைக்கும் என்று விற்பவர் சொன்னால், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் ஒரு ஜல்லிக்கல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷ் கட்டரிலும் இதே ஆபத்துதான், அங்கே பிளேடு மூடியில்லாமலே சுற்றுகிறது.

* வெட்டுமுன் இடம் முழுக்க நடந்து கல், கம்பி, பாட்டில், தேங்காய் ஓடு எல்லாவற்றையும் பொறுக்குங்கள்.
* குழந்தைகளை வேலை இடத்துக்குக் கூட்டி வரவே கூடாது.
* சேலை முந்தானை, துப்பட்டா தொங்கக் கூடாது. சுடிதார் அல்லது பேன்ட், மேலே முழுக்கைச் சட்டை, காலுக்கு மூடிய ஷூ. செருப்போடு ஓட்டக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான்.
* சரிவில் குறுக்காக நடந்து வெட்டுங்கள். மேலிருந்து கீழாக வெட்டினால் கால் வழுக்கி மிஷினுக்கு அடியில் போகலாம்.
* மிஷினைப் பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் பிளேடு நிற்கட்டும்.
* அடியில் புல் சிக்கினால் இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.
* சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது.

இன்னொன்று. பையில் சேரும் புல்லைப் பார்த்தால் மாட்டுக்குப் போடலாமே என்று தோன்றும். பூச்சிமருந்து, களைமருந்து அடித்த புல்தரையா என்று தெரியாமல் போடக் கூடாது. நறுக்கிய புல்லைக் குவித்து வைத்தால் சீக்கிரம் சூடேறிப் புளித்தும் போகும். மருந்து படாத புல் என்றால் சாணத்தோடு கலந்து மக்க வைக்கலாம். மண்புழு உரம் போடும் குழுக்களுக்கு இது இலவச மூலப்பொருள்.

தெரிந்துகொள்வோம்

உலகின் முதல் புல்வெட்டும் மிஷினுக்கு 1830-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் இழைகளை ஒரே மட்டமாகக் கத்தரிக்கிற மில் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். இன்றைய கை உருளை மிஷினும் அதே முறையில்தான் வெட்டுகிறது.

கடையில் கேட்க வேண்டிய பத்து கேள்விகள்

இதைக் கிழித்து எடுத்துக்கொண்டே போகலாம்.

1. முன் சக்கரம் உருளுமா, பின் சக்கரமா? வேகம் மாற்றலாமா?
2. லீவரை விட்டதும் பிளேடு எத்தனை விநாடியில் நிற்கிறது? ஓட்டிக் காட்டுங்கள்.
3. எடை எவ்வளவு? கைப்பிடி மடங்குமா, உயரம் மாறுமா?
4. வெட்டும் உயரம் எத்தனை படி? ஒரே லீவரா?
5. இப்போது கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற இன்ஜினா?
6. பிளேடு, பெல்ட், ஃபில்டர் விலை என்ன? கையிருப்பு உண்டா?
7. சர்வீஸ் எங்கே? வீட்டுக்கு வருவீர்களா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா?
8. கூலிக்கு ஓட்டினாலும் வாரண்டி உண்டா? (வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கவனம்.)
9. எங்கள் உறுப்பினர்கள் மூன்று பேருக்கு ஓட்டவும் பராமரிக்கவும் பயிற்சி தருவீர்களா?
10. பில், வாரண்டி அட்டை இரண்டும் குழுவின் பெயரில் தருவீர்களா?

பத்தாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் ஒருவர் பெயரில் பில் இருந்தால் நாளைக்கு "மிஷின் யாருடையது?" என்ற பேச்சு வரும். குழுப் பணம், குழுப் பெயர், குழுச் சொத்து. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களிடமும் கருத்துக் கேளுங்கள். கடன் அவர்கள் பெயரிலும்தான் இருக்கப் போகிறது. டேப் எடுத்து நிலத்தை அளக்க இரண்டு பேர், கடைக்கும் சர்வீஸ் இடத்துக்கும் போக மூன்று பேர், வேலை பேசி எழுத்து வாங்க இரண்டு பேர் என்று பொறுப்பைப் பிரியுங்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகு உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்து வந்தால் தைரியமாகத் தீர்மானம் எழுதுங்கள். ஒத்து வரவில்லை என்றால் "இப்போது வேண்டாம்" என்று எழுதுங்கள். அதுவும் நல்ல தீர்மானம்தான்.